குத்துச்சண்டை வீரர் பெயரில் ஒரு கல்வி நிலையம்

உலக வரைபடத்தில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையைக் கவனித்தால், கனடா நாட்டின் ஓரத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிய கை போன்ற ஒரு நிலப்பகுதி தென்படும். அதன் பெயர் நோவா ஸ்கோஷியா. தலைநகர் ஹாலிஃபாக்ஸ். மீன்பிடித் தொழில், கடுங்குளிர், பெரிய துறைமுகம் என்று பூகோளப் பாடத்தில் நாம் மூன்றே வரிகளில் கடந்து விடும் இடம் அது. ஆனால் அங்கே ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் இருநூற்று நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அந்த ஹாலிஃபாக்ஸ் நகரில் டெல்மோர் பட்டி டே கல்வி நிலையம் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. அது பள்ளிக்கூடம் அன்று. மணி அடிப்பதும் வருகைப் பதிவு எடுப்பதும் அங்கே கிடையாது. கறுப்பினப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி ஆராய்வது, அவர்களுடைய வரலாற்றைக் கூறும் நூல்களை வெளியிடுவது, பாடத்திட்டம் வகுப்போருக்கு யோசனை கூறுவது, மேற்படிப்புக்கு உதவித்தொகை வழங்குவது ஆகியவை அதன் பணிகள். ‘ஆப்பிரிக்க மையக் கல்வி’ என்பதைத் தன் கொள்கையாக அது அறிவித்திருக்கிறது.

யார் இந்த டெல்மோர் பட்டி டே? பெரிய பேராசிரியராக இருப்பார் என்றுதான் எவரும் நினைப்பர். அவர் குத்துச்சண்டை வீரர்! 1964இல் தம் எடைப் பிரிவில் கனடா நாட்டு வெற்றி வீரராக விளங்கியவர். பின்னர் ஹாலிஃபாக்ஸ் நகரின் ஏழைப் பகுதிகளில் இளைஞர்களோடு உழைத்தார். வேலையிலும் குடியிருப்பிலும் கறுப்பின மக்களுக்குக் காட்டப்பட்ட வேற்றுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1990இல் மாகாணச் சட்டமன்றத்தில் ‘சார்ஜண்ட் அட் ஆர்ம்ஸ்’ என்னும் பதவியில் அமர்ந்தார். மன்றத்தின் செங்கோலை ஏந்தி, அவைத்தலைவருக்கு முன் நடந்து வரும் பதவி அது. அந்தப் பதவியை அங்கே ஏற்ற முதல் கறுப்பர் அவரே. 1995இல் காலமானார். ஒரு கல்வி நிலையத்திற்குப் பட்டங்கள் பல பெற்ற அறிஞர் பெயரை விடுத்து இவர் பெயரைச் சூட்டினார்களே, ஏன்? இக்கட்டுரை எழுதக் காரணமாய் அமைந்த கேள்வி இதுதான்.

விடை காண, முதலில் ‘ஆப்பிரிக்க மையக் கல்வி’ யாது என்று பார்ப்போம். கணக்கை மாற்றிச் சொல்லிக் கொடுப்பது என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. இரண்டும் இரண்டும் நான்கு என்பது ஹாலிஃபாக்ஸிலும் நான்குதான். யார் கண்ணால் உலகைப் பார்க்கிறோம் என்பதே அங்கு கேள்வி. வரலாற்று நூலில் ஆப்பிரிக்கரைப் பற்றிய முதல் வரியே அவர்கள் கப்பலில் அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டார்கள் என்பதாக இருந்தால், படிக்கும் கறுப்பினச் சிறுமி தன் முன்னோரின் கதை விலங்கிலிருந்துதான் தொடங்குகிறது என்று நினைப்பாள். அதற்கு முன் மாலி, கானா போன்ற பேரரசுகள் இருந்தன. திம்புக்துவில் ஏடுகள் நிறைந்த கல்விச்சாலைகள் இருந்தன. எத்தியோப்பியாவில் நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் வேரூன்றியிருந்தது. இவற்றிலிருந்து தொடங்கினால் அச்சிறுமி நிமிர்ந்து உட்காருவாள் அன்றோ? அமெரிக்காவில் கார்ட்டர் வுட்சன் என்னும் வரலாற்று ஆசிரியர் 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியதும் இந்த நோக்கத்தோடுதான். அந்த வாரம் பின்னாளில் மாதமாக வளர்ந்து, பிப்ரவரி மாதம் முழுவதும் கொண்டாடப்படுகிறது.

இக்கல்வியைப் பின்பற்றுவோர் ஏழு நெறிகளைப் பெரிதும் எடுத்துரைப்பர். அவை சுவாகிலி மொழிச் சொற்கள். உமோஜா என்பது ஒற்றுமை, குஜிசகூலியா என்பது தன்னைத் தானே தீர்மானித்தல், உஜிமா என்பது கூடி உழைத்துப் பொறுப்பேற்றல், உஜமா என்பது கூட்டுறவுப் பொருளாதாரம், நியா நோக்கம், கூம்பா படைப்புத் திறன், இமானி நம்பிக்கை. இவற்றை 1966இல் வரிசைப்படுத்தியவர் அமெரிக்காவைச் சேர்ந்த மௌலானா கரெங்கா. இரண்டாவது சொல்லை உச்சரிக்கக் கற்பதற்குள் எங்கள் நாக்கு சுளுக்கிக்கொண்டது! ஆயினும் பொருளால் நோக்கினால் அதுதான் ஏழிலும் முக்கியமானது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நம் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும் என்பதே அச்சொல்லின் உட்பொருள்.

அந்த இடத்திற்காக நோவா ஸ்கோஷியா மக்கள் எத்தனை தலைமுறை காத்திருந்தார்கள் என்பதை இனிக் காண்போம்.

அமெரிக்க விடுதலைப் போர் நடந்தபோது, எதிரிகளான எஜமானர்களை விட்டுத் தம் பக்கம் ஓடி வரும் அடிமைகளுக்கு விடுதலையும் நிலமும் தருவதாக ஆங்கிலேயர் வாக்களித்தனர். போரில் தோற்ற ஆங்கிலேயர் 1783இல் சுமார் 3,000 கறுப்பின மக்களைக் கப்பலேற்றி நோவா ஸ்கோஷியாவில் இறக்கி விட்டனர். பர்ச்டவுன் என்னும் ஊர் அப்படித்தான் உண்டாயிற்று. வாக்களித்த நிலம் பலருக்குக் கிடைக்கவேயில்லை. கிடைத்ததும் கல்லும் சதுப்புமாக இருந்தது. மனம் வெறுத்த ஏறத்தாழ 1,200 பேர் 1792இல் 15 கப்பல்களில் ஆப்பிரிக்காவுக்கே சென்று சியரா லியோனில் ஃப்ரீடவுன் நகரை நிறுவினர். மற்றவர் தங்கினர். 1812ஆம் ஆண்டுப் போரை ஒட்டி மேலும் 2,000 பேர் அளவில் வந்து சேர்ந்தனர்.

பசியும் பனியும் வாட்டிய அக்காலத்திலேயே அவர்கள் பள்ளிக்கூடத்தை மறக்கவில்லை என்பதுதான் வியப்பு. பிரெஸ்டன் என்னும் ஊரில் கேதரின் அபர்னதி என்ற கறுப்பினப் பெண்மணி மரக்கட்டைகளால் கட்டிய சிறு பள்ளியில் இருபது பிள்ளைகள் அளவில் வைத்துப் பாடம் நடத்தினார். அப்பள்ளியை எழுப்பியவர்கள் ஊர் மக்களே. உண்ண வழியில்லாதவர்கள் மரம் வெட்டிப் பள்ளி கட்டினார்கள் என்னும் இந்தச் செய்தியை எங்கள் வகுப்பில் படித்துக் காட்டியபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அடுத்து வந்த தலைவர் ரிச்சர்ட் பிரெஸ்டன். வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து தப்பியவர். தம் தாயைத் தேடி நோவா ஸ்கோஷியா வந்து அவரைக் கண்டும் பிடித்தார். இங்கிலாந்து சென்று 1832இல் குருப்பட்டம் பெற்றுத் திரும்பி, ஹாலிஃபாக்ஸில் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் ஆலயத்தை நிறுவினார். 1854இல் சிதறிக் கிடந்த ஆலயங்களையெல்லாம் ஒரே சங்கமாக இணைத்தார். கறுப்பின மக்களுக்கு மன்றமோ நாளிதழோ இல்லாத நாளில் ஆலயமே அவர்களுக்கு மன்றமும் நாளிதழும் பள்ளியும் ஆயிற்று. அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் கோயிலும் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருப்பதன் பொருள் நமக்கு நன்றாகவே விளங்கும்.

நம் திருச்சபையிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், அடிமை முறை சட்டப்படி நடப்பில் இருந்த காலத்தில், மேரி லாங்கே என்னும் கறுப்பினப் பெண்மணி தம் வீட்டிலேயே கறுப்பினப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். 1828இல் முறையான பள்ளி தொடங்கியது. 1829இல் அவரைத் தலைவியாகக் கொண்டு கறுப்பின அருட்சகோதரிகளின் சபை ஒன்று பிறந்தது. 2023இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அவர் தொடங்கிய பள்ளி அங்கே இன்னமும் நடைபெறுகிறது. நிற்க.

நோவா ஸ்கோஷியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டங்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வைக்க இடமளித்தன. தனிப்பள்ளி என்றால் என்ன? கட்டடம் பழையது, புத்தகம் பழையது, ஆசிரியர் கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. சட்டத்திலிருந்து அந்த வாசகத்தை நீக்கியது 1954இல்தான். கடைசித் தனிப்பள்ளி மூடப்பட்டது 1983இல்! நம் பெற்றோர் பலர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. கனடா என்றால் நேர்மையான நாடு என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம், அந்நாட்டிலும் இப்படி.

இந்நிலையில் தலைமை ஏற்றவர்களில் பெண்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத எங்களுக்கு ஆசை.

போர்ஷியா வைட் என்னும் இளம்பெண் ஆஃப்ரிக்வில் என்ற சேரியில் ஆசிரியையாக இருந்தார். தெய்வீகமான குரல் வளம் படைத்தவர். 1944இல் நியூயார்க் நகரின் புகழ்பெற்ற டவுன் ஹால் அரங்கில் பாடினார். அவர் பாடம் சொன்ன ஆஃப்ரிக்வில் இன்று இல்லை. 1960களில் நகராட்சி அவ்வூரை இடித்துத் தள்ளியது. சுமார் 80 குடும்பங்கள், 400 மக்கள். குப்பை வண்டிகளில் ஏற்றிச் சிலர் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களுடைய ஆலயத்தை 1967இல் இரவோடு இரவாக இடித்தனர். 2010இல் நகர மேயர் மன்னிப்புக் கோரினார்.

பேர்லீன் ஆலிவர் அம்மையார் 1936இல் நியூ கிளாஸ்கோ உயர்நிலைப் பள்ளியில் தேர்ச்சி பெற்ற முதல் கறுப்பின மாணவி. போதகர் வில்லியம் ஆலிவரை மணந்தார். செவிலியர் பயிற்சிக்குக் கறுப்பினப் பெண்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், ஊர் ஊராகச் சென்று மேடைகளில் இதைப் பேசினார். பயனாக 1945இல் இருவருக்கு ஹாலிஃபாக்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் இடம் கிடைத்தது. 1948இல் இருவரும் தேறினர். இரண்டே பேர்தானா என்று கேட்கக் கூடாது. கதவு ஒருமுறை திறந்தால் பிறகு அதை முழுதாக மூட முடியாது.

வயோலா டெஸ்மண்ட் அம்மையாரைப் பற்றிச் சிலர் படித்திருக்கலாம். 1946 நவம்பர் 8 அன்று நியூ கிளாஸ்கோ திரையரங்கில் கீழ்த்தளத்தில் அமர்ந்ததற்காக வெளியே இழுத்துச் செல்லப்பட்டு, ஓரிரவு சிறையில் வைக்கப்பட்டார். கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் உள்ள வரி வேறுபாடு ஒரே ஒரு சென்ட். அதைச் செலுத்தவில்லை என்று வழக்கு! 2010இல் அவருக்கு இறந்த பின் பொது மன்னிப்பு அளித்தனர். 2018இல் கனடாவின் பத்து டாலர் நோட்டில் அவர் படம் இடம்பெற்றது. இதெல்லாம் பலரும் அறிந்தது. ஆனால் அவர் ஓர் ஆசிரியை என்பதைப் பலர் சொல்வதில்லை. ஹாலிஃபாக்ஸ் நகரின் அழகுக்கலைப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்ததால் மாண்ட்ரியால் சென்று கற்றார். திரும்பி வந்து தாமே ஒரு பள்ளி திறந்து, தம்மைப் போல் இடம் மறுக்கப்பட்ட பெண்களுக்குத் தொழில் கற்பித்தார். திரையரங்கு நிகழ்ச்சியைக் காட்டிலும் இதுவே அவருடைய பெரிய செயல் என்று எங்களுள் சிலர் வாதிட்டோம்.

அதே ஆண்டு கேரி பெஸ்ட் அம்மையார் ‘தி கிளாரியன்’ என்னும் செய்தித்தாளைத் தொடங்கி, வயோலா அம்மையாரின் வழக்கை ஊரறியச் செய்தார்.

இப்போது முதல் கேள்விக்கு விடை கிடைத்து விட்டது எனலாம். பாடகி, போதகரின் மனைவி, தலைமுடி அலங்கரிப்பவர், பத்திரிகைக்காரர், குத்துச்சண்டை வீரர். இவர்களே அந்த மக்களுக்குக் கல்வித் தலைவர்கள். பல்கலைக்கழகக் கதவு அடைபட்டிருந்த காலத்தில் தலைவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து எப்படி வருவார்கள்?

கதவு திறந்தது பின்னர்தான். 1969இல் கறுப்பின ஆசிரியர் சங்கம் உருவாகி, மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடமும் பண்பாடும் கற்பிக்கலாயிற்று. 1970இல் டல்ஹவுசி பல்கலைக்கழகம், கறுப்பின மாணவரும் மிக்மாக் என்னும் பூர்வகுடி மாணவரும் பட்டப்படிப்புக்குத் தயாராக ஓராண்டுப் பயிற்சியைத் தொடங்கியது. ராக்கி ஜோன்ஸ் என்னும் போராட்ட வீரர் அதற்காகப் பாடுபட்டவர்.

1989இல் ஹாலிஃபாக்ஸ் அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் வெள்ளை மாணவருக்கும் கறுப்பு மாணவருக்கும் பெரும் கைகலப்பு மூண்டது. அடித்துக்கொண்ட பிள்ளைகளை மட்டும் தண்டித்து விட்டு அமைதியாக இருந்திருக்கலாம். கறுப்பின மக்களின் பெரியோர் அதற்கு உடன்படவில்லை. பள்ளியில் என்ன நடக்கிறது என்று முழுவதும் ஆராய வேண்டும் என்றனர். 1990இல் கறுப்பின மாணவர் ஆலோசனைக் குழு அமைந்தது. 1994இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வந்தது. 46 பரிந்துரைகள். அவற்றுள் ஒன்று, ஆப்பிரிக்க மைய நோக்குடைய கல்வி நிலையம் வேண்டும் என்பது. அறிக்கை வெளியாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே பட்டி டே நிலையம் எழுந்தது. மாகாண அரசு நிதி தருகிறது. வழிநடத்துவது அம்மக்களிலிருந்து வந்த ஆட்சிக்குழு.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். தனிப்பள்ளியை மூடுவதற்காக நூறாண்டு போராடியவர்கள், பிறகு தங்களுக்கென்று தனியே ஒரு நிலையம் கேட்பது முரண்பாடு அல்லவா? இந்தக் கேள்வி கனடாவிலேயே பலமாக எழுந்தது. டொரோண்டோ நகரில் ஆப்பிரிக்க மையப் பள்ளி ஒன்று தொடங்கலாமா என்று 2008 ஜனவரியில் கல்வி வாரியத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது 11 பேர் ஆதரித்தனர், 9 பேர் எதிர்த்தனர். எதிர்த்தவர்களில் கறுப்பின மக்களும் இருந்தனர். மீண்டும் பிரித்து வைக்கும் காலத்துக்கே போகிறோம் என்று அவர்கள் அஞ்சினர். பள்ளி 2009 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

நாங்களும் இதை இரு கட்சியாகப் பிரிந்து வாதாடிப் பார்த்தோம். எதிர்க்கட்சிக்கு வலுவான சான்றுகள் இருந்தன. கூடிப் படித்தால்தானே ஒருவரையொருவர் அறிய முடியும்? ஆயினும் எங்கள் தீர்ப்பு மறுபக்கமே சாய்ந்தது. பழைய தனிப்பள்ளி பிறர் அவர்கள் மேல் சுமத்தியது. அதில் அவர்களுக்குக் குரல் இல்லை. புதியது அவர்களே கேட்டு, அவர்களே நடத்துவது. விரும்பாதவர் சேர வேண்டியதில்லை. பெண்களை வீட்டில் பூட்டி வைப்பதும் பெண்களுக்கென்று பள்ளி நடத்துவதும் ஒன்றாகுமா? பெண்கள் பள்ளியில் படிக்கும் நம்மை விட இதை யார் நன்றாகச் சொல்ல முடியும்!

வழிநடத்தும் உரிமை பிறர் கையில் முழுதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே மாகாணத்தில் ஒரு துயரச் சான்று இருக்கிறது. ஷுபெனகாடி என்னுமிடத்தில் 1930 முதல் 1967 வரை மிக்மாக் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி நடந்தது. தாய்மொழி பேசினால் அங்கே தண்டனை. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். அதை நடத்தியது நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்பதை எழுதாமல் விட எங்கள் மனம் ஒப்பவில்லை. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடா சென்று, இத்தகைய பள்ளிகளில் நடந்த தீமைக்காகப் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பள்ளியில் படித்து, பின் நீதி கேட்டு வழக்காடிய நோரா பெர்னார்டு அம்மையாரின் பெயரை 2023இல் ஹாலிஃபாக்ஸ் நகரின் ஒரு தெருவுக்குச் சூட்டினார்கள். ரிச்சர்ட் பிரெஸ்டன் நிறுவிய ஆலயம் இருப்பது அந்தத் தெருவில்தான்.

குரல் கிடைத்த பிறகும் அது நிலைத்து நிற்கும் என்று சொல்வதற்கில்லை. நோவா ஸ்கோஷியாவின் ஒவ்வொரு பள்ளி வாரியத்திலும் 2000ஆம் ஆண்டு முதல் கறுப்பின மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஓர் உறுப்பினருக்கு இடம் இருந்தது. 2018இல் அரசு, பிரெஞ்சு மொழி வாரியம் ஒன்றைத் தவிர, மற்ற வாரியங்களை எல்லாம் கலைத்தது. வாரியத்தோடு அந்த இடமும் போயிற்று. அதற்குப் பதிலாக அமைந்தது அரசே நியமிக்கும் ஆலோசனைக் குழு. வாக்களித்து அனுப்புவதும் அழைத்தால் சென்று யோசனை கூறுவதும் ஒன்றல்ல. ஆகவேதான் பட்டி டே நிலையம், கறுப்பின ஆசிரியர் சங்கம் போன்ற அமைப்புகளின் பொறுப்பு முன்னிலும் கூடியது என்று நாங்கள் கருதுகிறோம். சம்பளமும் நிதியும் அரசிடமிருந்து வர, கேள்வி கேட்க வேண்டியதும் அதே அரசையே என்னும்போது, ஆட்சிக்குழுவில் அமரும் பெரியோர்க்கு எவ்வளவு மனத்திட்பம் வேண்டும்!

1994 அறிக்கையின் பலன்களில் ஒன்று மாணவர் கையில் நேராகவே வந்து சேர்ந்திருக்கிறது. ‘ஆப்பிரிக்க கனடிய ஆய்வுகள்’ என்னும் பாடத்தைப் பதினொன்றாம் வகுப்பில் அங்கே எடுத்துப் படிக்கலாம். பள்ளி இறுதிச் சான்றிதழுக்குக் கட்டாயமான கனடிய வரலாற்றுப் பாடத்துக்கு அது ஈடாக ஏற்கப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கில இலக்கியத்திலும் அவ்வாறே ஆப்பிரிக்க மரபுப் பாடம் ஒன்று உண்டு. கறுப்பின மாணவர்தாம் சேர வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் இல்லை. வெள்ளை மாணவியும் மிக்மாக் மாணவியும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, வயோலா டெஸ்மண்டையும் ரிச்சர்ட் பிரெஸ்டனையும் பற்றித் தேர்வு எழுதலாம்.